வாசகர் கேள்விகள்: ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் ராஜாராமன்

கம்ப்யூட்டர் கல்வி முன்னோடி வி. ராஜாராமன் பற்றிப் போன இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொங்குப் பக்கத்துக் கடிதங்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பவானியிலிருந்து ஒரு வாசகர்: "இந்தியாவோட முதல் கம்ப்யூட்டரை ஈரோட்டுக்காரர்தான் செஞ்சாருன்னு வாட்ஸ்அப்புல சுத்திட்டு இருக்குதுங்க. நெசந்தானுங்களா? ஈரோட்டுல எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாருங்க?"

பிறந்தது ஈரோடு, அதில் சந்தேகம் இல்லை. 1933 செப்டம்பர் 8. ஆனால் பள்ளிப் படிப்பு டெல்லியில். கல்லூரியும் அங்கேதான்: செயின்ட் ஸ்டீபன்ஸில் இயற்பியல் ஆனர்ஸ், 1952. ஆகையால் ஈரோட்டில் எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்காகப் பலகை மாட்ட வேண்டியதில்லை.

முதல் கம்ப்யூட்டர் சேதி தவறு. இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் ஹெச்இசி-2எம். பிரிட்டனில் செய்தது, கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1955இல் நிறுவினார்கள். இங்கேயே செய்ததில் பெயர் பெற்றது டிஃப்ராக். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960இல் முழு அளவில் ஓடத் தொடங்கியது. இரண்டிலும் ராஜாராமனுக்குப் பங்கு கிடையாது.

அவருடைய வழி வேறு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின் தொடர்பியல் படித்தார். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய் எம்ஐடியில் 1959இல் முதுகலை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961இல் முனைவர் பட்டம். 1963இல் கான்பூர் ஐஐடிக்கு ஆசிரியராக வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அங்கே ஐபிஎம் 1620 வந்து இறங்கியது. மெஷின் வந்துவிட்டது, அதை வைத்துப் பாடம் நடத்தப் பாடத்திட்டமும் இல்லை, நம் மாணவர் வாங்கும் விலையில் புத்தகமும் இல்லை. அவர் கைவைத்தது அந்த இடத்தில். "முதல் கம்ப்யூட்டரைச் செய்தவர்" என்று பொய்யாகப் புகழ்வதைவிட இதைச் சொல்வதே அவருக்குப் பொருத்தம்.

2025 நவம்பரில் பெங்களூருவில் காலமானார். வயது 92.

கோவை கணபதியில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருப்பவர்: "அவர் கையால எந்த மெஷினுமே செய்யலைங்களா? எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவர்னு போட்டிருந்தீங்க."

செய்திருக்கிறார். ஆனால் அது டிஜிட்டல் இல்லை, எண்களுக்குப் பதில் வோல்ட்டேஜை வைத்துக் கணக்கிடும் அனலாக் கம்ப்யூட்டர். 1950களின் நடுவில் இந்திய அறிவியல் கழகத்தில் 'ப்ரெடா' என்ற இயந்திரம் உருவானது. ஃபில்பிரிக், ரைடவுட் என்ற இருவர் பெயரும் அதில் அடக்கம். ரைடவுட், விஸ்கான்சினிலிருந்து வருகைப் பேராசிரியராக வந்தவர். அந்த இயந்திரத்துக்கான நேர்கோட்டில் அடங்காத பகுதிகளை வடிவமைத்துச் செய்தவர் ராஜாராமன். அது என்ன வேலை என்பது பம்புக்காரருக்குச் சட்டென்று பிடிபடும்.

மேல்நிலைத் தொட்டி ஒன்று அடியில் குழாய் திறந்து வடிகிறது. நீர்மட்டம் எப்படிக் குறையும் என்று கணக்கிட வேண்டும். அனலாக் கம்ப்யூட்டரில் நீர்மட்டம் ஒரு வோல்ட்டேஜ். வால்வு (வெற்றிடக் குழாய்) காலத்து இயந்திரங்களில் பொதுவாக எல்லை +100 முதல் −100 வோல்ட் வரை. தொட்டி உயரம் 4 மீட்டர் என்றால் 1 மீட்டருக்கு 25 வோல்ட் என்று அளவு வைப்பீர்கள். அடுத்தது தொகையிடும் பகுதி: ஒரு பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்), 1 மெகாஓம் ரெசிஸ்டர், 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். உள்ளே 1 வோல்ட் நிலையாகக் கொடுத்தால் வெளியே ஒவ்வொரு விநாடிக்கும் 1 வோல்ட் ஏறிக்கொண்டே போகும், குறி மட்டும் மாறி. இதுவரை சுலபம்.

சிக்கல் வெளியேறும் நீரில். அது மட்டத்துக்கு நேர் விகிதத்தில் போகாது. மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் போகும். வர்க்கமூலம் எடுக்கும் வால்வு என்று கடையில் ஒன்றும் விற்கவில்லை. டயோடுகளை வெவ்வேறு வோல்ட்டேஜில் திறக்கும்படி வைத்து, வளைகோட்டைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக ஒட்டவைப்பதே வழக்கம். 100 வோல்ட் உள்ளே போனால் 100 வரணும், 25 போனால் 50 வரணும் என்று வையுங்கள். 25க்கும் 100க்கும் நடுவே ஒரே நேர்கோடு போட்டால் மிக மோசமான இடத்தில் பிழை 4 வோல்ட்டைத் தாண்டும். 64 வோல்ட்டில் இன்னொரு டயோடு சேர்த்து முறித்தால் பிழை 2 வோல்ட்டுக்குள் வந்துவிடும்.

ஆனால் 0க்கும் 25க்கும் நடுவே ஒரே கோடு விட்டீர்களானால் 6 வோல்ட் பக்கத்தில் 25 வர வேண்டிய இடத்தில் 12 தான் வரும். வர்க்கமூலக் கோடு சுழிக்கு அருகில் செங்குத்தாக ஏறுவதுதான் காரணம். அதனால் டயோடுகளைச் சரிசமமாகப் பரப்பக் கூடாது. கீழே நெருக்கமாக, மேலே தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். அப்படியும் தொட்டி முழுக்க வடிகிற கடைசிக் கட்டத்தை இந்த இயந்திரம் சரியாகக் காட்டாது. இன்னொரு வழக்கமான கோளாறு: தொட்டியில் 4.5 மீட்டர் நின்றால் 112 வோல்ட் ஆகிவிடும். பெருக்கி 100இல் முட்டி நிற்கும். திரையில் படுக்கைக் கோடு தெரியும். அதை "மட்டம் நிலையாக இருக்கிறது" என்று படிப்பவர்களும் உண்டு.

கோபியிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியை: "கான்பூர் வந்த 1620க்குக் கூட்டத் தெரியாது என்று எங்கோ படித்தேன். கூட்டத் தெரியாத கம்ப்யூட்டரா? பதினொன்றாம் வகுப்புக்கு இதை எப்படிச் சொல்லிக் காட்டலாம்?"

உண்மைதான், டீச்சர். 1620இன் முதல் மாதிரியில் கூட்டலுக்கென்று தனி மின்சுற்று கிடையாது. நினைவகத்தில் ஒரு கூட்டல் வாய்ப்பாட்டை ஏற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துத்தான் விடை எடுக்கும். 'கூட்டத் தெரியாது, முயற்சிகூடச் செய்யாது' என்று அதை அமெரிக்க மாணவர்கள் கேலி செய்வார்கள்.

அது பதின்ம எண்ணிலேயே வேலை செய்யும் இயந்திரம். குறைந்தபட்ச நினைவகம் 20,000 இலக்கங்கள். கூட்டல் வாய்ப்பாடு இருக்கும் முகவரிகள் 00300 முதல் 00399 வரை. 5ஐயும் 7ஐயும் கூட்ட வேண்டுமானால் 00357ஐத் திறக்கும். அங்கே 2 என்ற இலக்கமும் அதன்மேல் ஒரு கொடிக்குறியும் இருக்கும். கொடி இருந்தால் மீதி 1 என்று பொருள். பெருக்கல் வாய்ப்பாடு 00100 முதல் 00299 வரை. ஆபத்து என்னவென்றால், இவை சாதாரண நினைவகத்திலேயே இருக்கின்றன. தப்பான முகவரியில் எழுதுகிற புரோகிராம் வாய்ப்பாட்டையே அழித்துவிடும். மெஷின் நிற்காது, மணி அடிக்காது. தப்பான விடைகளை அச்சடித்துக்கொண்டே போகும்.

வகுப்பில் செய்ய ஒரு சார்ட் பேப்பர் போதும். 10க்கு 10 கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் மேல் எண்ணின் இலக்கம் 0 முதல் 9, மேல் ஓரத்தில் கீழ் எண்ணின் இலக்கம் 0 முதல் 9. கட்டத்துக்குள் விடையின் ஒன்றாம் இலக்கம். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்புப் புள்ளி. ஒரு மாணவர் 'நினைவகம்': சார்ட்டை வைத்துக்கொண்டு கேட்ட கட்டத்தில் இருப்பதை மட்டும் சொல்வார். இன்னொருவர் 'இயந்திரம்': வலமிருந்து இடமாக ஒவ்வொரு ஜோடியாகக் கேட்பார். அவர் மனக்கணக்குப் போடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. முந்தின ஜோடியில் சிவப்புப் புள்ளி வந்திருந்தால் மேல் இலக்கத்தோடு 1 சேர்த்துவிட்டுக் கேட்க வேண்டும். மேல் இலக்கம் 9 என்றால் அது 0 ஆகும், மீதி 1 அடுத்த இடத்துக்கும் தொடரும். பிள்ளைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

இரண்டு மூன்று கணக்கு ஓடிய பிறகு, யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டத்தை மாற்றி எழுதுங்கள். மேல் 7, கீழ் 1 என்ற கட்டத்தில் 8க்குப் பதில் 6. "மெஷின் கெட்டுவிட்டது, எந்தக் கட்டம் என்று கண்டுபிடியுங்கள்" என்று விடுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று 0123456789ஐயும் 1111111111ஐயும் கூட்டிப் பார்க்கும். எல்லா இலக்கத்தோடும் 1ஐச் சேர்த்தாகிவிட்டது என்று நினைக்கும். விடை 1234567900 என்று சரியாகவே வரும்! ஏனென்றால் 9உம் 1உம் சேர்ந்து மீதி விழ, 8 என்பது 9 ஆகிறது. அதுவும் மீதி தள்ள, 7 என்பது 8 ஆகிவிடுகிறது. கெட்டுப்போன கட்டத்தை மெஷின் தொடவே இல்லை. இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் 1க்கு மட்டும் எல்லாக் கட்டமும் சிக்கும்; கீழே 2 முதல் 9 வரை எதைப் போட்டாலும் ஏதாவது ஒரு கட்டம் தப்பிக்கும்.

தீர்வு: ஒவ்வொரு இலக்கத்துக்கும் இடப்பக்கம் மேலும் கீழும் ஒரு 0 போட்டு இடம் விடுங்கள். மீதி அந்தச் சுழியிலேயே அடங்கிவிடும், அடுத்த இலக்கத்தைக் கெடுக்காது. கணக்கு 20 இலக்கம் நீளும். ஆனால் இப்படி 10 கணக்குப் போட்டால் 100 கட்டமும் சோதிக்கப்பட்டுவிடும். ஒரு பீரியடில் முடியாது, இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெருந்துறையிலிருந்து பொறியியல் மாணவி: "அவரோட பழைய ஃபோர்ட்ரான் புத்தகம் எங்க காலேஜ் லைப்ரரியில இருக்குது. ஏழாவது நெடுவரிசையில ஆரம்பி, 72ஐத் தாண்டாதேன்னு இருக்குது. எதுக்குங்க இந்தக் கட்டுப்பாடெல்லாம்?"

எல்லாம் அட்டை செய்த வேலை, அம்மணி. அப்போது ஒரு வரி புரோகிராமுக்கு ஒரு துளை அட்டை. அட்டையில் 80 நெடுவரிசை, 12 கிடைவரிசை. எண் என்றால் ஒரு துளை, ஆங்கில எழுத்து என்றால் இரண்டு. ஃபோர்ட்ரான் என்ற புரோகிராம் மொழியில் முதல் 5 நெடுவரிசை வாக்கிய எண்ணுக்கு. முதலாவதில் 'சி' போட்டால் அந்த அட்டை வெறும் குறிப்பு. ஆறாவதில் சுழி தவிர வேறு ஏதாவது குத்தினால் முந்தின அட்டையின் தொடர்ச்சி. 7 முதல் 72 வரை வாக்கியம். 73 முதல் 80 வரை வரிசை எண். அதைக் கம்பைலர் (நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் புரோகிராம்) கண்டுகொள்ளாது.

தவறுகள் எல்லாம் இதிலிருந்தே கிளம்பும். வாக்கியம் 72ஐத் தாண்டினால் மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பிறகும் அது சரியான வாக்கியமாக இருந்துவிட்டால் பிழைச் செய்தியே வராது. ஒரு இடம் தள்ளி ஆறாவதில் தொடங்கிவிட்டால் புது வாக்கியம் மேல் வாக்கியத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கில 'ஓ'வும் சுழியும் தாளில் ஒன்றுபோல் இருக்கும், அட்டையில் வேறு துளை. அதனால் எழுதும் தாளில் இரண்டில் ஒன்றுக்குக் குறுக்குக் கோடு போடும் பழக்கம் வந்தது. அட்டைக் கட்டு கைதவறிக் கொட்டினால் 73க்கு மேல் உள்ள வரிசை எண்தான் காப்பாற்றும். சோம்பேறிகளுக்கு ஒரு குறுக்கு வழி: கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை பென்சில் கோடு ஒன்று இழுத்துவிட்டால், கலைந்த அட்டை எது என்று பார்த்ததும் தெரியும். மழைக்கால ஈரத்தில் அட்டை உப்பிக்கொண்டால் படிப்பான் விழுங்காமல் சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்று நம் ஆட்களுக்கே உரிய பொறி. ஃபோர்ட்ரானில் பெயரின் முதல் எழுத்து ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகியவற்றில் ஒன்றானால் அது முழு எண். தமிழில் யோசித்து ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால் கூலி, மஞ்சள், நூல், லாபம் நாலும் முழு எண் ஆகிவிடும்! கூலி 12.75 என்று கொடுத்தால் 12 மட்டும் நிற்கும். விலையும் எடையும் தப்பிக்கும். போதாக்குறைக்கு 1620இன் ஃபோர்ட்ரானில் முழு எண்ணுக்கு வழக்கமான இடம் 4 இலக்கம்தான். 9999க்கு மேல் போனால் முன் இலக்கம் போய்விடும்.

ஒரு புரோகிராமை ஓட்ட முதலில் கம்பைலர் அட்டைக் கட்டு, பிறகு உங்கள் கட்டு, மெஷின் குத்தித் தரும் புதுக் கட்டு, அதன்பின் துணை நிரல்களும் தரவும் என்று வரிசையாக ஊட்ட வேண்டும். ஒரு எழுத்துப்பிழைக்கு மறுபடி முதலிலிருந்து. ஆகவே தாளிலேயே ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் பட்டியல் போட்டு, வரி வரியாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அட்டை குத்தப் போக வேண்டும். இன்று விசையைத் தட்டினால் விடை வருகிறது என்பதால் இந்தப் பழக்கம் போய்விட்டது. போனது நல்லதற்கில்லை என்பது எங்கள் கட்சி. கேம்பஸ் இன்டர்வியூவில் வெள்ளைத்தாளைக் கொடுத்து எழுதச் சொல்லும்போது தெரியும்.

அந்தப் புத்தகம் 1960களின் இறுதியில் வந்தது. வெளிநாட்டுப் புத்தகங்கள் மாணவர் கைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, மலிவான இந்தியப் பதிப்பாக வந்து ஊர் ஊராகப் போனது. பிறகு கோபால் (COBOL), ஃபோர்ட்ரான் 77, சி என்று மொழி மாற மாறப் புத்தகமும் எழுதினார்.

காங்கயத்திலிருந்து: "இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இவருடைய மாணவரா? என்ன விருதுகள்?"

ஆமாம், கான்பூரில் அவருடைய மாணவர். விருதுகளில் முக்கியமானவை 1976இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு, 1998இல் பத்ம பூஷண். 1982 முதல் 1994 வரை இந்திய அறிவியல் கழகத்தில் சூப்பர் கம்ப்யூட்டர் கல்வி, ஆராய்ச்சி மையத்தை உருவாக்கி நடத்தினார்.

திருப்பூரில் நூல் வியாபாரம் செய்பவர்: "பில்லிங் சாப்ட்வேர் போட்டோமுங்க. யாருக்குக் கடன், யாருக்கு ரொக்கம்னு நாங்க சொன்னதத்தான் போட்டேன்கறாரு புரோகிராமர். ஆனா தப்புத் தப்பாத்தான் வருது. உங்க ராஜாராமன் இதுக்கெல்லாம் வழி சொல்லியிருக்காருங்களா?"

கிண்டலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. தகவல் அமைப்புகளைப் பகுத்து வடிவமைப்பது பற்றிய அவருடைய பாடநூலில் முடிவு அட்டவணைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. புரோகிராமரிடம் போவதற்கு முன் முதலாளியும் கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்து போட வேண்டிய அட்டவணை அது.

நீங்கள் எழுதியனுப்பிய விதி மூன்று: பழைய பார்ட்டிக்குக் கடன் உண்டு. பாக்கி நின்றால் அவருக்கும் ரொக்கம்தான். 20 பேக்குக்கு மேல் ஆர்டர் என்றால் முதலாளியைக் கேள். காதுக்குத் தெளிவாக இருக்கிறது. இதில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி மூன்று: பழைய பார்ட்டியா, பாக்கி உண்டா, 20க்கு மேலா. மூன்று கேள்விக்கு 2 × 2 × 2, ஆக 8 நெடுவரிசை. ஒன்றும் விடாமல் எட்டையும் எழுதுங்கள்.

பழையவர், பாக்கி உண்டு, பெரிய ஆர்டர்: ரொக்கமா, முதலாளியைக் கேட்பதா? இரண்டு விதியும் மோதுகின்றன. பழையவர், பாக்கி இல்லை, பெரிய ஆர்டர்: கடனா, கேட்பதா? மறுபடி மோதல். புதியவர், பாக்கி இல்லை, சின்ன ஆர்டர்: உங்கள் விதி வாயே திறக்கவில்லை. புதியவருக்குப் பாக்கி என்பது நடக்காத காரியம்; அதில் இரண்டு நெடுவரிசை போயிற்று. ஆக எட்டில் தெளிவாக இருப்பது மூன்றே மூன்று. புரோகிராமர் மற்ற இடங்களில் தன் ஊகத்தைப் போட்டிருப்பார்; அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது முடிவெடுங்கள். 20 பேக்குக்கு மேல் யாராக இருந்தாலும் முதலாளியைக் கேள். அதற்குள் என்றால், பாக்கி உள்ளவருக்கு ரொக்கம், பாக்கி இல்லாத பழையவருக்குக் கடன், புதியவருக்கு ரொக்கம். எட்டு நெடுவரிசை நான்காகச் சுருங்கிவிட்டது. எந்தக் கேள்வி அந்த விதிக்குத் தேவையில்லையோ அங்கே ஒரு கோடு போடுங்கள். சரிபார்க்க ஒரு வழி: ஒரு கோடு இருந்தால் அந்த விதி 2 நெடுவரிசைக்குச் சமம், இரண்டு கோடு என்றால் 4, கோடே இல்லை என்றால் 1. முதல் விதிக்கு 4, இரண்டாவதுக்கு 2, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. கூட்டினால் 8. கூட்டல் குறைந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது, மிஞ்சினால் எங்கோ மோதல் இருக்கிறது.

கேள்வி ஐந்தானால் 32 நெடுவரிசை ஆகிவிடும். அப்போது ஒரே அட்டவணையில் திணிக்காமல், கடனா ரொக்கமா என்பதற்கு ஒன்று, தள்ளுபடிக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாக்கி என்றால் எத்தனை நாள் பாக்கி, 20 பேக் என்றால் சரியாக 20 வந்தால் எந்தப் பக்கம் என்பதையும் அட்டவணையின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

அவிநாசியிலிருந்து ஒரு தாயார்: "எம்சிஏ படிப்பே இவர் கொண்டுவந்ததுதான்னு சொல்றாங்க. எம் பொண்ணு பி.காம். முடிச்சிருக்கா. சேத்தலாங்களா?"

சேர்ப்பதற்கு வழி செய்ததே அவர்தான் என்று சொல்லலாம். எலெக்ட்ரானிக்ஸ் கமிஷன் அமைத்த மனிதவளக் குழுவுக்கு அவர் தலைவர். அதன் பரிந்துரையில் 1982இல் எம்சிஏ (கம்ப்யூட்டர் பயன்பாட்டு முதுகலை) தொடங்கியது. அன்று கம்ப்யூட்டர் படிப்பு என்றால் பொறியியல் மாணவருக்கு மட்டும், அதுவும் சொற்ப இடங்கள். ஆனால் வங்கிக்கும் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் வேண்டியிருந்தது கணக்கு வழக்கும் நிர்வாகமும் புரிந்து, அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள். அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளை எடுத்து மூன்று ஆண்டு கற்றுக்கொடுக்கும் படிப்பாக அதை அமைத்தார்கள். கணக்குப்பதிவியல், அமைப்புப் பகுப்பாய்வு, கடைசியில் ஒரு பருவம் நிறுவனத்தில் நேரடி வேலை என்று. பி.காம். படித்தவருக்கு அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

2020–21 முதல் அது இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. இது பி.காம். மாணவிக்குக் கொஞ்சம் இறுக்கம்தான். கம்ப்யூட்டர் பட்டம் இல்லாமல் சேர்பவருக்கு இணைப்புப் பாடம் வைக்கிறார்கள். அதைப் பேருக்கு நடத்தும் கல்லூரியா, உண்மையில் நடத்தும் கல்லூரியா என்று சேரும் முன் சீனியர் மாணவரிடமே கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் இருந்ததா என்று சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தகுதி விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பே கணக்கு. தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு டான்செட், நடத்துவது அண்ணா பல்கலைக்கழகம். கலந்தாய்வை நடத்துவது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்பதால் உங்களுக்குப் பக்கம்.

சேரும் முன் உள்ள மாதங்களில் ஏதாவது ஒரு மொழியில் கை பழகட்டும். கடைக் கணக்கு, வட்டிக் கணக்கு என்று அவளுக்குத் தெரிந்த விஷயத்தையே புரோகிராமாக எழுதச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து கணித ஆசிரியர்: "எண்முறைக் கணக்கீட்டுப் புத்தகமும் எழுதியிருக்கிறாரே. சூத்திரம் சரியாக இருந்தால் கம்ப்யூட்டர் விடை சரியாகத்தானே வரும்? அதற்கு ஒரு புத்தகமா?"

வராது, ஐயா. கையிலேயே செய்து பார்க்கலாம். ய² − 200ய + 1 = 0 என்ற சமன்பாட்டை எடுங்கள். நீங்களே நான்கு இலக்கக் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் முதல் நான்கு இலக்கத்துக்கு மேல் உள்ளதைச் சுழியாக்குங்கள். 200இன் வர்க்கம் 40000. அதில் 4 போக 39996. நான்கு இலக்கத்தில் 39990. வர்க்கமூலம் 199.9. சின்ன மூலத்துக்கு 200லிருந்து 199.9ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 0.05. சரியான விடை 0.005. பத்து மடங்கு பிழை! வெட்டாமல் முழுமையாக்கினால் 39996 என்பது 40000 ஆகி, விடை சுழி என்றே வந்து நிற்கும்.

கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழித்ததால் வந்த வினை. முன் இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், ஏற்கெனவே பிழைபட்டிருந்த கடைசி இலக்கம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மாற்று வழி: கூட்டலில் வரும் பெரிய மூலத்தை முதலில் காணுங்கள். 200உம் 199.9உம் சேர்ந்து 399.9, பாதி 199.9. இரு மூலங்களின் பெருக்கல் 1 என்பது தெரிந்ததுதானே, 1ஐ 199.9ஆல் வகுத்தால் 0.005002. அதே நான்கு இலக்கத்தில், அதே மெஷினில்.

1620இன் ஃபோர்ட்ரானில் வழக்கமாக 8 இலக்கம். 200க்குப் பதில் 20,000 போட்டால் அங்கேயும் இதே கதை. இன்றைய செல்போனில் காட்ட வேண்டுமானால் இன்னும் பெரிய எண் தேவைப்படும், அவ்வளவுதான்.